கச்சான் வீசும்போது ஹார்ன் வரட்டும்: வீடியோ விளையாட்டு இசைக்கு வாத்தியம் பிரிப்பது எப்படி

ஆர்க்கெஸ்ட்ரேஷன் கற்றுக்கொள்கிறேன் என்று ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் யாரிடமாவது சொன்னால், “எந்த ஊர்த் திருவிழாவுக்கு?” என்றுதான் கேட்பார்கள். அவர்கள் மேல் தவறில்லை. நம் பக்கத்தில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் மேடை போட்டு, சீரியல் விளக்கு கட்டி, விடிய விடியச் சினிமாப் பாட்டுப் பாடும் குழு. நான் சொல்ல வருவது வேறு. ஒரு மெட்டு கையில் இருக்கிறது. அதை எந்த வாத்தியத்துக்குக் கொடுப்பது, எந்த வாத்தியத்தை அதற்குத் துணையாக வைப்பது என்று பிரித்துக் கொடுக்கும் வேலை. தமிழில் இசைக்கோர்ப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். கோர்ப்பதைவிடப் பிரித்துக் கொடுப்பதுதான் இதில் அதிகம் என்பதால், நான் வாத்தியம் பிரித்தல் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டைக் கேட்டிருந்தால் பாதிப் பாடம் முடிந்தது. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பிடித்திருக்கும் மற்றவர்கள் அதை வாங்கி ‘ஏலேலோ’ என்று முடிப்பார்கள். அடி எடுப்பவர் பாடும் நேரத்தில் மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். எல்லோரும் சேர்ந்து பாடும் நேரத்தில் வலை ஒரு முழம் கரைக்கு வரும். மெட்டு ஒன்றுதான். யார் பாடுவது, எத்தனை பேர் பாடுவது, யார் எப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்பதுதான் அங்கே தீர்மானமாகிறது. மேற்கத்திய வாத்தியக் குழுவுக்கு எழுதும்போதும் இதே மூன்று கேள்விகள்தான். மூன்றாவது கேள்வியைத்தான் புதிதாக எழுத வருபவர்கள் மறந்துவிடுவார்கள். நானும் மறந்தேன். என் முதல் முயற்சியில் பதினாறு வாத்தியங்களும் முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி ஸ்வரம் வரை ஓயாமல் வாசித்தன. கேட்ட நண்பர், “மீன் ஏலம் மாதிரி இருக்கிறது” என்றார்.

அந்த நண்பர்தான் இப்போது கைபேசிக்கு ஒரு சிறிய விளையாட்டுக்கான நிரல் எழுதிக்கொண்டிருக்கிறார். பாம்பனின் வடக்குக் கரையிலிருந்து ஒரு பையன் வல்லம் என்ற சிறு படகில் புறப்படுகிறான். தூக்குப் பாலத்துக்கு அடியில் புகுந்து, குந்துகாலைத் தாண்டி, குருசடைத் தீவின் பக்கம் போய்த் திரும்ப வேண்டும். கதை அவ்வளவுதான். அதற்கு இசை என் பொறுப்பு. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரே பயணத்தை வைத்துத்தான் விளக்கப் போகிறேன்.

முதலில் மெட்டு. சுத்த சாவேரி ராகத்தின் ஐந்து ஸ்வரங்களை எடுத்துக்கொண்டேன்: ச ரி ம ப த. காந்தாரமும் நிஷாதமும் கிடையாது. ஒரு கட்டைச் சுருதி, துடுப்பு போடுவதற்கு ஏற்ற, மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை. ‘ச ரி ம ப , த’ என்று ஏறி, ‘ப ம ரி ச , ,’ என்று இறங்குவது முதல் அடி. மூன்று அட்சரத்துக்கு ஒரு வினாடி. ஆறு அட்சரம் ஒரு கட்டம். ஆக ஒரு கட்டத்துக்கு இரண்டு வினாடி. பதினாறு கட்டத்தில் மெட்டு ஒரு சுற்று வரும்: 32 வினாடி. இந்த எண்கள் பின்னால் தேவைப்படும்.

இந்த மெட்டைப் பிடித்துக்கொண்டு, வாத்தியத்தைத் தொடும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆர்மோனியமோ கீபோர்டோ போதும். வலது கை இதே மெட்டை மாறாமல் வாசிக்கட்டும். இடது கை கீழே ஒரே ஒரு ஸ்வரத்தை அழுத்திப் பிடிக்கட்டும். முதலில் ச. சுத்த சாவேரி சுத்த சாவேரியாகவே கேட்கும். அமைதி, அதிகாலை, அசையாத தண்ணீர். அடுத்து இடது கையை ம-வுக்கு மாற்றுங்கள். அதே ஐந்து ஸ்வரங்கள் இப்போது மோகனமாக விரியும். வெயில் ஏறிவிட்டது போல இருக்கும். இனி ரி-யைப் பிடியுங்கள். அது சுத்த தன்யாசி. மெட்டு ச-வில் வந்து நின்றாலும் காது அதை வீடு என்று ஒப்புக்கொள்ளாது. எங்கோ ஏதோ சரியில்லை என்று தோன்றும். கர்நாடக இசையில் இதைக் கிரக பேதம் என்பார்கள். கச்சேரியில் வித்வான் ஒரு நிமிடம் செய்து காட்டி, கைதட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். விளையாட்டு இசைக்காரனுக்கோ இது அன்றாடச் சோறு. மெட்டை ஒரு ஸ்வரம்கூட மாற்றாமல், கீழ்க் குரலை மட்டும் நகர்த்திக் காட்சியின் மனநிலையை மாற்றிவிடலாம். மெட்டுக்குத்தான் உணர்ச்சி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, பாதி உணர்ச்சி அடியில் இருக்கும் குரலில்தான் இருக்கிறது என்று புரிய ஒரு வருடம் ஆனது.

சரி, வாத்தியங்களுக்கு வருவோம். குழுவை நான்கு குடும்பங்களாகப் பார்ப்பது வழக்கம்: வில் போடும் தந்திகள் (வயலின், செல்லோ), மர ஊதுகருவிகள் (குழல், ஓபோ, கிளாரினெட்), பித்தளை ஊதுகருவிகள் (டிரம்பெட், ஹார்ன்), தாளக் கருவிகள் (டிம்பனி). பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றுக்கும் எது இயல்பான இடம் என்று தெரிந்துகொள்வது முக்கியம். நாதஸ்வரத்தில் திமிரியும் பாரியும் இருக்கின்றனவே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். குட்டையான திமிரி மேல் சுருதியில் கூர்மையாகப் பேசும். நீண்ட பாரி கீழே கனமாகப் பேசும். இரண்டும் நாதஸ்வரம்தான் என்றாலும் இதை அங்கே வைத்தால் சரிவராது. மேற்கத்தியத் தந்திக் குடும்பமும் அதே கணக்கில் அளவெடுத்துச் செய்ததுதான். வயலினின் அடித் தந்தி 196 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே வயலினுக்கு வழியே இல்லை. அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா 131 வரை இறங்கும். செல்லோ 65. நான்கு தந்தி டபுள் பேஸ் 41. கணினியில் எழுதும்போது இந்த எல்லைகளை மீறினால் சில மென்பொருள்கள் சிவப்பில் காட்டும். சில எதுவும் சொல்லாமல் மௌனமாக இருந்துவிடும்.

எல்லைக்குள் இருந்தால் மட்டும் போதாது. மேற்கத்தியப் புல்லாங்குழலின் மிகக் கீழ் ஸ்வரம் நடு ஒரு கட்டை, ஏறக்குறைய 262 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் அது அழகாக, மூச்சுக் கலந்து, மிக மெல்லப் பேசும். இரண்டு ஸ்தாயி (ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரை ஒரு ஸ்தாயி) மேலே போனால் அதே குழல் முழுக் குழுவையும் துளைத்துக்கொண்டு வெளியே வரும். டிரம்பெட் பக்கத்தில் ஊதும்போது குழலுக்குக் கீழ் ஸ்தாயியில் மெட்டைக் கொடுத்தால், விசைப்படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று ரகசியம் பேசுவது போலத்தான். ஊதுபவர் மேல் குற்றமில்லை. எழுதியவர் மேல்தான்.

எடை பற்றி ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறார். அவர் 1908-ல் இறந்தார். வாத்தியம் பிரித்தல் பற்றிய அவருடைய நூல் 1913-ல்தான் அச்சேறியது. பலமாக வாசிக்கும் இடத்தில் ஒரு டிரம்பெட் இரண்டு ஹார்னுக்குச் சமம். ஒரு ஹார்ன் இரண்டு மர ஊதுகருவிக்குச் சமம் என்பது அந்தக் கணக்கு. அப்படியென்றால் ஒரு டிரம்பெட்டை ஈடுகட்ட நான்கு கிளாரினெட் வேண்டும். மெல்ல வாசிக்கும்போது இந்த வித்தியாசம் பெரிதும் குறைந்துவிடும். ராமேசுவரம் தீவில் தேவாலயத் திருவிழா ஊர்வலத்தில் பேண்ட் வாத்தியத்தோடு நடந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கிளாரினெட் வாசிப்பவர் எத்தனை உயிரைக் கொடுத்து ஊதினாலும், பின்னால் ஒரு டிரம்பெட் வாயை வைத்ததும் அவர் காணாமல் போய்விடுவார்.

கணினியில் எழுதும் நமக்கு இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. திரையில் ஒலிக்கட்டுப்பாட்டுப் பட்டையை நகர்த்திக் குழலை டிரம்பெட்டைவிட உரக்க வைத்துவிட முடியும். வைக்கலாம்தான். ஆனால் காது ஏமாறாது. மெல்ல ஊதும் டிரம்பெட்டின் நாதம் வேறு, பலமாக ஊதும் டிரம்பெட்டின் நாதம் வேறு. பலமாக ஊதும்போது மேல் ஓசைகள் பெருகிப் பளபளப்பு ஏறிவிடும். தேவாலயத்து டிரம்பெட்டை ஒரு கிலோமீட்டர் தள்ளி, அலைச் சத்தத்துக்கு நடுவே மெலிதாகக் கேட்டாலும், அந்த மனிதர் கன்னம் உப்ப ஊதுகிறார் என்று உங்களுக்குத் தெரியும். தூரம் சத்தத்தைக் குறைக்கும். முயற்சியைக் குறைத்துக் காட்டாது. அதனால் அமைதியான காட்சிக்கு வேண்டியது சத்தம் குறைத்த பலமான ஹார்ன் இல்லை. மெல்ல ஊதிப் பதிவு செய்த ஹார்ன்.

அடுத்தது இடைவெளி. இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் தொடக்கக்காரர்களின் இசை கலங்கிப் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

தம்பூராவில் மந்தரத் தந்தியை மீட்டிக் கவனித்தால், யாரும் தொடாத அந்தர காந்தாரம் மேலே மிதந்து கேட்கும். ஒரு தந்தி ஒரு ஸ்வரத்தை மட்டும் எழுப்புவதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் கூடவே எழும். செல்லோவின் அடித் தந்தியை எடுத்தால் ஏறக்குறைய 65, 131, 196, 262, 327, 392 என்று போகும். ச, மேல் ச, அதற்கு மேல் ப, இன்னொரு ச, பிறகு அந்தர காந்தாரம், மறுபடி ப. கீழே முதல் இரண்டுக்கும் நடுவே ஒரு முழு ஸ்தாயி காலியாக இருக்கிறது. மேலே போகப் போக நெருக்கம் கூடுகிறது. இயற்கை தானே அடுக்கிக் காட்டிய அடுக்கு இது. நாமும் அப்படியே அடுக்கினால் தெளிவாகக் கேட்கும்: அடியில் அகலமாக விடுங்கள், மேலே நெருக்கமாக வையுங்கள். டபுள் பேஸுக்கும் செல்லோவுக்கும் நடுவே ஒரு ஸ்தாயி இருக்கட்டும். செல்லோவுக்கு மேலே ஒரு ப. அதற்கு மேல் வியோலாவும் வயலின்களும் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களில் உட்காரலாம். இதைத் தலைகீழாக்கி, கீழே ச-வையும் ரி-யையும் ம-வையும் ஒட்டி வைத்தால், மழைக்குப் பிந்திய கழிமுகத் தண்ணீர் போல எல்லாம் ஒரே சேறு. எந்த மீனும் தெரியாது.

பாம்பன் தூக்குப் பாலக் காட்சிக்கு இந்த அடுக்குமுறையையே கதையாக்கினேன். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் கதவு போலத் தூக்கிக்கொள்வதாக இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீள நடுப்பகுதி அப்படியே தட்டையாக, மின்தூக்கி போல, 17 மீட்டர் மேலே எழும்பும். இசைக்காரனுக்கு இந்த இரண்டாவது வகை ஒரு வரம். செல்லோவும் டபுள் பேஸும் ச-வைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் மட்டத்திலேயே நிற்கின்றன. வியோலாவும் இரண்டு வயலின் அணிகளும் முதலில் நெருக்கமாக நடு ஸ்தாயியில் ச, ம, த என்று இருக்கின்றன. பாலம் எழும்ப எழும்ப அந்த மூன்றும் ஒன்றாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படி மேலே ஏறுகின்றன: ரி ப ச, பிறகு ம த ரி. அடிக்குரலுக்கும் மேற்குரல்களுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் திறந்துகொண்டே வருகிறது. அந்த வெற்றிடத்துக்குள்தான் வல்லம் நுழைய வேண்டும். அங்கே ஒரே ஒரு ஓபோ மெட்டைத் தொடங்குகிறது. நடுவில் வேறு எந்த வாத்தியமும் இல்லாததால், அதை உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

ஓபோவை ஏன் எடுத்தேன்? அது நாதஸ்வரத்துக்குச் சொந்தக்காரன். இரண்டிலும் சீவாளி போல இரட்டை நாக்கு நாணல்தான் பேசுகிறது. ஆனால் நாதஸ்வரம் வீதிக்காகப் பிறந்தது, ஓபோ அறைக்குள் வளர்ந்தது. நம் காதுக்கு ஊர் வாசனை வர வேண்டும், ஆனால் மற்ற வாத்தியங்களை அமுக்கிவிடக் கூடாது என்ற இடங்களில் நான் ஓபோவிடம் போகிறேன். நாதஸ்வரத்தையே வைக்கலாமே என்றால், வைக்கலாம். அப்போது அதைச் சுற்றி எல்லாவற்றையும் விலக்கி வைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

இரட்டிப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே மெட்டை இரண்டு வெவ்வேறு வாத்தியங்கள் ஒரே ஸ்தாயியில் வாசித்தால் இரண்டின் தனி முகமும் கரைந்து புதிதாக ஒரு நிறம் வரும். மேலே ஒரு ஸ்தாயி தள்ளி வாசித்தால் மெட்டுக்கு மினுக்கு ஏறும். தனியாகப் பாடினால் மனம் உருக வேண்டிய இடத்தில் இரட்டிக்காதீர்கள். ஒருவர் அழுவதைப் பார்ப்பதும் இருபது பேர் ஒப்பாரி வைப்பதைப் பார்ப்பதும் வேறு வேறு. 2012-ல் வந்த ‘ஜர்னி’ என்ற விளையாட்டில் ஆஸ்டின் வின்டரி விளையாடுபவரின் குரலாக ஒற்றைச் செல்லோவை வைத்திருப்பார். பாலைவனத்தில் தனியாக நடக்கும் உருவத்துக்கு அந்த ஒற்றை வாத்தியம் போதுமானதாக இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் கச்சேரி மேடைக்கும் சினிமாவுக்கும் பொதுவானது. விளையாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் இனிமேல்தான் வருகிறது. சினிமாவில் பாலம் எத்தனையாவது வினாடியில் எழும்பும் என்று தெரியும். விளையாட்டில் அதை முடிவு செய்வது விளையாடுபவர். ஒரு சிறுவன் நேரே பாலத்துக்குப் போவான். இன்னொருவன் பத்து நிமிடம் கரையோரமே சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களை வேடிக்கை பார்ப்பான். மூன்றாமவன் அம்மா கூப்பிட்டாள் என்று கைபேசியை அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான். இசை மூவருக்கும் பொருந்த வேண்டும்.

இது புதிய தலைவலி இல்லை. 1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் இசை என்று இருந்ததே இறங்கும் நான்கு ஸ்வரங்கள்தான். எதிரிகள் நெருங்க நெருங்க அவற்றின் வேகம் கூடும். நெஞ்சும் கூடவே அடித்துக்கொள்ளும். 1983-ல் ஜப்பானில் வெளியான ஃபேமிகாம் விளையாட்டுக் கருவியில் மொத்தம் ஐந்து குரல்கள்: மெட்டுக்கும் துணைக்கும் இரண்டு, பெரும்பாலும் அடிக்குரலுக்கு ஒன்று, தாளத்துக்கு இரைச்சல் ஒன்று, பதிவு செய்த துண்டு ஒலிக்கு ஒன்று. வெடிச் சத்தமோ குதிக்கும் சத்தமோ வந்தால், அது இசையிடமிருந்தே ஒரு குரலைப் பிடுங்கிக்கொள்ளும். ஐந்து பேரை வைத்துக்கொண்டு, அதில் ஒருவர் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விடுவார் என்று தெரிந்தே எழுதினார்கள். நூறு வாத்தியம் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் கற்கத் தொடங்கிய நமக்கு அந்தச் சிக்கனம் வருவதற்குள் தலை நரைத்துவிடும் போலிருக்கிறது.

இப்போது பரவலாகக் கையாளும் வழி, மெட்டை அடுக்குகளாகப் பிரித்துத் தனித்தனியாகப் பதிவு செய்வது. எல்லா அடுக்குகளும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்; காட்சிக்குத் தேவையானவற்றின் சத்தத்தை மட்டும் விளையாட்டு திறந்துவிடும். என் வல்லத்துக்கு நான்கு அடுக்குகள். அடியில் டபுள் பேஸும் செல்லோவும். அதன் மேல் வியோலாவும் இரண்டாம் வயலின்களும், அலை போல ஏறி இறங்கும் சிறிய அசைவு. மூன்றாவது, மெட்டு வாசிக்கும் கிளாரினெட். நான்காவது, இரண்டு ஹார்னும் டிம்பனியும்.

இவற்றை எது திறக்கிறது? காற்று. எங்கள் பக்கத்தில் தீவுக்கு வடக்கே உள்ள பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் போல இருக்கும். வாடை தொடங்கினால் கதை மாறிவிடும். எங்கள் விளையாட்டு கச்சான் காலத்தில் நடக்கிறது. நண்பரின் நிரலில் காற்றின் வேகம் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை ஓர் எண். 0.2 வரை அடிக்குரலும் மெட்டும் மட்டும். 0.2 தாண்டினால் அலை அடுக்கு மெல்லத் திறக்கும். பாலத்தைத் தாண்டி எண் 0.7 ஆனதும் ஹார்ன்கள் வரும். ஹார்ன் வரும் நேரத்தில் கிளாரினெட் மெட்டை விட்டுவிடும். கடல் பெரிதானதும் பையன் சிறியவன் ஆகிவிட வேண்டும் அல்லவா?

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. எந்த அடுக்கு இல்லாமல் போனாலும் மீதி நிற்க வேண்டும். அடிக்குரலும் டிம்பனியும் மட்டும் கேட்டாலும் ஏதோ பாட்டு உடைந்துவிட்டது என்று தோன்றக் கூடாது. அதைச் சோதிக்க எளிய வழி, நான்கு அடுக்கில் ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி அணைத்துக் கேட்பது. வெறும் அமைதியை விட்டுவிட்டால் பதினைந்து விதக் கூட்டணி வரும். அத்தனையையும் கேளுங்கள். எனக்கு அதில் ஆறு தேறவில்லை. காரணம் ஒன்றேதான்: இணைப்புக்குத் தேவையான ஒரு ஸ்வரத்தைச் சில இடங்களில் ஹார்னிடம் மட்டும் கொடுத்து வைத்திருந்தேன். ஹார்ன் இல்லாதபோது வீட்டில் ஒரு சுவர் இல்லை.

கிரக பேதச் சோதனை நினைவிருக்கிறதா? அதை இங்கே பூட்டினேன். அடிக்குரலையும் அலை அடுக்கையும் மூன்று விதமாக எழுதினேன்: ச-வை அடியாகக் கொண்டு ஒன்று, ம-வைக் கொண்டு ஒன்று, ரி-யைக் கொண்டு ஒன்று. கிளாரினெட் மெட்டு மூன்றுக்கும் ஒன்றே. வடகடலில் ச. பாலம் தாண்டி வெளிக்கடல் விரியும்போது ம. காற்று கட்டுமீறினால் ரி. மாற்றம் நினைத்த கணத்தில் நடந்தால் காதில் குத்தும். அதனால் நடக்கும் கட்டம் முடியும்வரை காத்திருந்து அடுத்த கட்டத்தின் முதல் அட்சரத்தில் மாறும்படி நண்பர் எழுதினார். ஒரு கட்டம் இரண்டு வினாடிதான் என்பதால் அதிகபட்சக் காத்திருப்பு இரண்டு வினாடி. பன்னிரண்டு அட்சரக் கட்டமாக எழுதியிருந்தால் நான்கு வினாடி ஆகியிருக்கும். படகு கவிழ்ந்த பிறகு சோக இசை வந்திருக்கும்.

இப்படி இசை தானாகத் தோள் மாற்றிக்கொள்ளும் முறைக்கு லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய ஐமியூஸ் ஒரு முன்னோடி. 1991-ல் வந்த ‘மங்கி ஐலண்ட் 2’-ல் அது முதலில் பயன்பட்டது. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போனால் அதே மெட்டு வேறு வாத்தியத்துக்குக் கைமாறும், தையல் தெரியாது. இன்று எஃப்மாட், வைஸ் போன்ற மென்பொருள்கள் அந்த வேலையைச் செய்கின்றன. விளையாட்டு உருவாக்க உதவும் இலவச மென்பொருளான கோடோ எஞ்சினிலேயே 4.3 பதிப்பிலிருந்து அடுக்கு அடுக்காக இசையை ஓடவிடும் வசதியும், கட்டம் பார்த்து மாற்றும் வசதியும் உள்ளுக்குள்ளேயே வந்துவிட்டன. நாங்கள் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

ஒரு சுற்று முடிந்து மறு சுற்று தொடங்கும் இடத்தில் இன்னொரு சங்கடம். கடைசி ஸ்வரத்தின் எதிரொலி அடங்க இரண்டு மூன்று வினாடி ஆகும். கோப்பை 32-வது வினாடியில் கத்தரித்தால் அந்த வால் அறுந்து ‘டக்’ என்று கேட்கும். வாலைத் தனியாக எடுத்து அடுத்த சுற்றின் தொடக்கத்தின் மேல் படியவிட வேண்டும். இரண்டு சுற்றுத் தொடர்ந்து பதிவு செய்து, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுத்தால் முதல் சுற்றின் வால் அதன் தொடக்கத்தில் தானாகவே இருக்கும். சோம்பேறிகளுக்கான இந்த வழியே எனக்குப் பிடித்தது.

கைபேசி என்ற உண்மையையும் சொல்லியாக வேண்டும். நல்ல ஒலிபெருக்கியில் அடித்த டபுள் பேஸ், கைபேசியின் பொத்தான் அளவு ஒலிபெருக்கியில் காணாமல் போய்விடும். 41 ஹெர்ட்ஸை அசைக்க அதற்கு உடம்பு கிடையாது. டபுள் பேஸ் வாசிப்பதையே ஒரு ஸ்தாயி மேலே செல்லோவும் வாசிக்கும்படி எழுதுவது பழைய ஐரோப்பிய வழக்கம். கைபேசிக்கு அது உயிர்காக்கும் வழக்கம். செல்லோவின் மேல் ஓசைகள் கேட்டால், அங்கே இல்லாத அடியோசையைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். கூடவே விளையாட்டின் மற்றச் சத்தங்களுக்கும் இடம் விட வேண்டும். எங்கள் வல்லத்தின் டீசல் எஞ்சின் ‘டொக் டொக்’ என்று செல்லோ இருக்கும் இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. எஞ்சின் ஓடும்போது செல்லோவை வில்லால் இழுக்காமல் விரலால் சுண்டும்படி மாற்றினேன். சுண்டினால் ஒலி எழுந்து உடனே அடங்கும், நடுவே எஞ்சினுக்கு வழி கிடைக்கும்.

கருவிகள் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. ஸ்வரக்குறிப்பு எழுத மியூஸ்ஸ்கோர் இலவசம். பழைய மேதைகளின் முழு வாத்தியக் குறிப்புகள் காப்புரிமை தீர்ந்தவை என்பதால் ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் கிடைக்கின்றன, பாட்டைக் கேட்டுக்கொண்டே அந்தத் தாளில் விரல் வைத்து ஓட்டிப் பாருங்கள், ஒரு பக்கத்தில் எத்தனை வாத்தியம் வெறுமனே காத்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பதிவு செய்த வாத்திய ஒலிகளை வைத்து எழுதும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கணினிக் கிளாரினெட்டுக்கு நுரையீரல் கிடையாது, நாற்பது வினாடி மூச்சுவிடாமல் ஊதும். நாதஸ்வரக் குழுவில் ஒத்து ஊதுபவர் மூக்கால் இழுத்துக்கொண்டே வாயால் விட்டு அறுபடாமல் சுருதி பிடிப்பார். அது அவர் பழகிய வித்தை. கிளாரினெட்டுக்காரர் மெட்டின் அடிகளுக்கு நடுவே மூச்சு வாங்குவார். நீங்களே வாயால் பாடிக்கொண்டு எழுதுங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும் இடத்தில் ஓர் இடைவெளி விடுங்கள். நீண்ட ஸ்வரங்களில் மாடுலேஷன் வீலை (கீபோர்டின் ஓரத்தில் இருக்கும் சிறு சக்கரம்) மெல்ல ஏற்றி இறக்குங்கள். பல ஒலித் தொகுப்புகளில் அது வெறும் சத்தத்தை மட்டுமின்றி, மெல்ல வாசித்த பதிவிலிருந்து பலமாக வாசித்த பதிவுக்கும் கொண்டுபோகும். நான் மேலே சொன்ன கன்னம் உப்பிய டிரம்பெட் விஷயம் இதுதான்.

தொடங்குபவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை நான்கு வாத்தியம், எட்டுக் கட்டம். ஒரு கிளாரினெட், ஒரு ஹார்ன், ஒரு வியோலா, ஒரு செல்லோ. ஒவ்வொரு வாத்தியமும் குறைந்தது இரண்டு கட்டம் வாசிக்காமல் இருந்தே ஆக வேண்டும். முடித்த பிறகு கைபேசியில் போட்டுக்கொண்டு வெளியே போய்க் கேளுங்கள், காற்றுச் சத்தம் உள்ள இடமாக.

எங்கள் விளையாட்டில் ஓர் இடம் இன்னும் இழுபறியில் இருக்கிறது. பையன் குருசடையிலிருந்து திரும்புகிறான், கச்சான் அடங்கிவிட்டது, எஞ்சினை அணைத்துவிட்டுக் கடைசிக் கொஞ்ச தூரம் துடுப்புப் போட்டு வருகிறான். எல்லா அடுக்கையும் மூடிவிட்டுப் புல்லாங்குழலை அதன் மிகக் கீழ் ஸ்தாயியில், தனியாக, மெட்டின் முதல் அடியை மட்டும் வாசிக்க வைத்திருக்கிறேன். நண்பருக்கு அதுவும் வேண்டாம், துடுப்புச் சத்தம் போதும் என்கிறார். நேற்று இரண்டையும் கைபேசியில் ஏற்றிக்கொண்டு குந்துகால் கரைக்குப் போய் மாற்றி மாற்றிக் கேட்டோம். குழல் கேட்கவே இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு வல்லத்தில் வலையைத் தட்டிக்கொண்டிருந்த பெரியவர், “ஏதோ பாட்டுப் போட்டீங்களே, நின்னு போச்சா தம்பி?” என்றார்.